எந்தத் தாள் கடைசித் தாள்?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கொள்முதல் விதி, வாட்டும் தொட்டியில் கொழுந்தைப் பரப்பும் முறை, டிரையர் வெப்பம், சுவை பார்க்கும் முறை என்று எங்களுக்கும் நாற்பது ஐம்பது தர ஆவணங்கள் உண்டு. 'டாக்குமென்ட் கன்ட்ரோல்' என்று வேலைக்குப் பெரிய பெயர். உண்மையில் பாதி நேரம், சுவரில் தொங்கும் பழைய தாள்களைத் தேடிப் பிடுங்குவதுதான்.

இதற்கு முன் வேறொரு தொழிற்சாலையில் இருந்தேன். ஆனி ஆடியில் பசுந்தேயிலை சொட்டச் சொட்ட ஈரமாக வரும். எடையில் ஈரத்துக்காக எத்தனை சதவீதம் கழிப்பது என்பது இந்த மலையில் தீராத வழக்கு. அதற்கு ஒரு விதி எழுதினோம். முதலில் 10 சதவீதம் என்று எழுதி, விவசாயிகளோடு பேசி 8 ஆக்கி, கடைசியில் 6 என்று முடிவானது. என் கம்ப்யூட்டரில் மூன்று கோப்புகள் இருந்தன: 'கொள்முதல் இறுதி', 'கொள்முதல் இறுதி புதியது', 'கொள்முதல் இறுதி புதியது சரிபார்த்தது'. எடைக்கூடத்தில் ஒட்டப்பட்டது நடுவில் உள்ளது. ஒன்பது நாள் 8 சதவீதம் கழித்துவிட்டார்கள். பத்தாம் நாள் ஒரு அக்கா தன் சீட்டுகளையெல்லாம் ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்து, "கூட்டத்துல ஆறுன்னு சொன்னீங்க, சீட்டுல எட்டுன்னு இருக்கு. எந்தப் பேப்பரும்மா உங்க பேப்பரு?" என்று கேட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆனால் அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. மூன்று தாளிலும் 'இறுதி' என்றுதானே எழுதியிருந்தேன்!

அதற்குப் பிறகுதான் பெரிய தர அமைப்புகள் இதை எப்படிச் செய்கின்றன என்று உட்கார்ந்து படித்தேன். படித்ததில் எனக்கு உதவியதையும், நானாகச் செய்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். பஞ்சாயத்துத் தண்ணீர்க் குழு விதி எழுதுகிறவர்களுக்கும் இது பயன்படும்.

நிலை வேறு, எண் வேறு

ஒரு தாளைக் கையில் எடுப்பவருக்கு இரண்டு சந்தேகம் வரும். இதை நம்பி வேலை செய்யலாமா என்பது ஒன்று. இதைவிடப் புதியது வந்திருக்கிறதா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் நிலை. இரண்டாவதற்குப் பதில் எண். 'இறுதி புதியது' என்கிற மாதிரிப் பெயர்கள் கெட்டுப்போவது இரண்டையும் ஒரே வார்த்தையில் சொல்லப் பார்ப்பதால்தான். தலைப்பில் இரண்டுக்கும் தனித்தனி வரி வையுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலையைச் சொல்வதில், சர்வதேசத் தரங்களை வெளியிடும் ஐஎஸ்ஓ அமைப்பின் ஏற்பாடு அழகானது. ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு இலக்கம்: 10 முன்மொழிவு, 20 எழுதும் வேலை, 30 குழு வரைவு, 40 எல்லா நாடுகளுக்கும் அனுப்பும் வரைவு, 50 ஒப்புதல், 60 வெளியீடு, 90 மறுஆய்வு, 95 விலக்கல். அந்த நிலைக்குள் வேலை எங்கே நிற்கிறது என்று சொல்ல, புள்ளிக்குப் பின்னால் இன்னும் இரண்டு இலக்கம். 40.20 என்றால் வரைவு வாக்கெடுப்புக்குப் போய்விட்டது, 60.60 என்றால் தரம் வெளியாகிவிட்டது, 95.99 என்றால் விலக்கியாயிற்று.

எண்களைவிட எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு நிலையிலும் யார் என்ன செய்யலாம் என்பது மாறுவது. 40ஆம் நிலை வரைவை டிஐஎஸ் என்பார்கள். நாடுகளுக்கு 12 வாரம் கொடுப்பார்கள். உள்ளடக்கத்தையே மாற்றச் சொல்லிக் கருத்து எழுதலாம். 50ஆம் நிலையின் எஃப்டிஐஎஸ் வரைவுக்கு 8 வாரம்தான். உண்டா இல்லையா என்று வாக்களிக்கலாம், எழுத்துப் பிழை சொல்லலாம், அவ்வளவே. ஆக நிலையின் பெயர் தாளின் வயதைச் சொல்வதற்கு மட்டும் அல்ல. வாசகருக்கு என்ன உரிமை, எது கூடாது என்றும் அது சொல்ல வேண்டும். டிஐஎஸ் அட்டையிலேயே, இது கருத்துக்காகச் சுற்றுக்கு விட்ட வரைவு, மாறக்கூடியது, வெளியாகும்வரை இதைச் சர்வதேசத் தரம் என்று குறிப்பிடக் கூடாது என்று எழுதியிருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனமும் பரவலாகச் சுற்றுக்கு விடும் வரைவில் இதை இந்தியத் தரமாகப் பயன்படுத்தக் கூடாது என்று மேலேயே போட்டுவிடுகிறது.

எட்டு நிலையெல்லாம் எங்களுக்கு எதற்கு? நான் ஐந்து வைத்திருக்கிறேன். பெயரைப் பார்த்தாலே புரிய வேண்டும் என்பதால் சுருக்கெழுத்து கிடையாது. எழுதுகிறவர்களுக்குள் இருப்பது 'எழுதும் வரைவு'. மற்றவர்களிடம் கொடுப்பது 'கருத்துக்கான வரைவு'. கருத்தெல்லாம் சேர்ந்து மேனேஜர் கையெழுத்துக்குப் போவது 'ஒப்புதலுக்கான வரைவு'. கையெழுத்தானது 'நடைமுறையில் உள்ளது'. போனது 'விலக்கப்பட்டது'. 'இறுதி வரைவு' என்று ஒரு நிலையை வேண்டுமென்றே வைக்கவில்லை. அதைப் படிப்பவர் காதில் 'இறுதி' மட்டும் விழும், 'வரைவு' விழாது. அந்த எட்டு சதவீதத் தாள் அப்படித்தான் சுவரேறியது.

வரைவை நம்பி வேலை தொடங்குவது எங்கள் மலையில் மட்டும் நடக்கிற கூத்து அல்ல. வைஃபையில் 802.11என் என்ற தரத்தின் வரைவு 2.0ஐ வைத்தே 2007இல் கருவிகளுக்குச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். தரம் ஒப்புதலானது 2009 செப்டம்பரில். நடுவில் கடைகளில் விற்ற பெட்டிகளில் 'டிராஃப்ட் என்' என்று அச்சிட்டிருந்தது. அதைச் சொல்லித்தான் விற்றார்கள் என்பது அவர்கள் பக்க நியாயம். அந்தத் தரத்தை எழுதிய ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பில் இன்னொரு நல்ல பழக்கம்: ஒப்புதலாகாத தரத்தின் எண்ணுக்கு முன்னால் 'பி' என்ற எழுத்து நிற்கும். ஒப்புதலானால் அந்த எழுத்து போய்விடும்.

எண்ணைப் போடும் விதம்

வரைவு எண் 01, 02, 03 என்று முழு எண்ணாகப் போகட்டும். முன்னால் பூஜ்யம் இருந்தால் கம்ப்யூட்டர் கோப்புகளை ஒழுங்காக வரிசைப்படுத்தும். இல்லாவிட்டால் சில இடங்களில் 10 போய் 2க்கு முன்னால் உட்காரும். 1.1, 1.2 என்று புள்ளி வைத்து எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மென்பொருள்காரர்களுக்கு அது சரி. எங்கள் எடைக்கூடத்தில் அண்ணன் நாள் முழுக்கத் தராசில் கிலோ பார்க்கிறவர். அவருக்கு 1.10 என்பது 1.9ஐவிடச் சின்னது. வரைவு 1.9ஐப் புதியது என்று வைத்துக்கொண்டு 1.10ஐக் குப்பையில் போட்டார். கணக்குப்படி அவர் சொன்னதுதான் சரி.

நிலை மாறினாலும் எண்ணை மறுபடி 01க்குக் கொண்டுபோகாதீர்கள். இணையத் தரங்களை எழுதும் ஐஇடிஎஃப்பில், தனி ஆள் எழுதிய வரைவைக் குழு ஏற்றுக்கொண்டால் புதுப் பெயரில் 00இலிருந்து மறுபடி தொடங்குவார்கள். அங்கே கோப்பின் பெயரே மாறிவிடுவதால் குழப்பம் இல்லை. நம்மிடம் தலைப்பு அதேதான் இருக்கும். கருத்துக்கான வரைவு 03, எழுதும் வரைவு 03 என்று இரண்டு மூன்றாம் எண் இருந்தால் யாராவது ஒருவர் நிச்சயம் மாற்றி எடுப்பார். எண் ஏறிக்கொண்டே போகட்டும். ஒரு தடவை வெளியே கொடுத்த எண்ணில் ஒரு கால் புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. மாற்றினால் அடுத்த எண். கைமறதியாக விட்ட எழுத்துப் பிழை கண்ணை உறுத்தும். உறுத்தட்டும்.

ஐஇடிஎஃப்பிடம் நான் அப்படியே எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. அவர்களுடைய வரைவுக்கு ஆறு மாதம்தான் ஆயுள். அதற்குள் புதிய எண் வராவிட்டால் காலாவதி. அந்தத் தேதி வரைவிலேயே இருக்கும். நம் ஊரில் ஆணியில் மாட்டிய தாளுக்குச் சாவே இல்லை. அதனால் கருத்துக்கான வரைவு ஒவ்வொன்றிலும் கடைசி நாளை எழுதி, அதற்குப் பிறகு இந்தத் தாள் செல்லாது என்றும் சேர்க்கிறேன்.

எங்கள் தாளின் தலை இப்போது இப்படி இருக்கும்:

பசுந்தேயிலை கொள்முதல் விதி
நிலை: கருத்துக்கான வரைவு (இதை வைத்து எடை போடக் கூடாது)
வரைவு எண்: 04 – தேதி: 2024-06-11
இதற்கு முந்தையது: 03 (2024-05-20)
கருத்து சொல்லக் கடைசி நாள்: 2024-07-02, பிறகு செல்லாது
பக்கம் 3 / 7

தேதியில் வருடம் முதலில் வருவது கோப்புகள் வரிசையாக நிற்பதற்காக. இந்த ஆறு வரியும் முதல் பக்கத்தில் மட்டும் இருந்தால் போதாது, எல்லாப் பக்கத்திலும் வேண்டும். யாரும் ஏழு பக்கத்தையும் நகலெடுப்பதில்லை. தங்களுக்கு வேண்டிய மூன்றாம் பக்கத்தை மட்டும் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். குறுக்கே சாம்பல் நிறத்தில் 'வரைவு' என்று நிழலெழுத்து போட்டுப் பார்த்தேன். பஜாரில் ஜெராக்ஸ் எடுத்ததும் அது மறைந்துபோயிற்று. ரப்பர் ஸ்டாம்பும் நம்பிக்கைக்குரியது அல்ல: மழை மாதத்தில் தாள் ஈரம் வாங்கி மை ஊறி, 'வரைவு' என்பது நீலக் கறையாகிவிடும். அச்சிலேயே கறுப்பில் வரட்டும்.

தமிழ் வார்த்தைகளில் உள்ள வழுக்கல்

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை நமக்கு உண்டு. 'திருத்தம்' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையைச் சரிசெய்வதும் திருத்தம், ஒரு பிரிவை மட்டும் மாற்றுவதும் திருத்தம், மொத்தத்தையும் புதிதாக எழுதி வெளியிடுவதும் திருத்தம். தர உலகில் இவை மூன்றும் மூன்று வெவ்வேறு காரியங்கள். நான் பிரித்து எழுதுவது இப்படி: அச்சுத் தவறைச் சரிசெய்தால் 'பிழைதிருத்தம்'. நடைமுறையில் உள்ள ஆவணத்தை அப்படியே வைத்துச் சில வரிகளை மட்டும் மாற்றித் தனித் தாள் கொடுத்தால் 'திருத்தத் தாள் 1', 'திருத்தத் தாள் 2'. முழுவதும் மாற்றி எழுதினால் 'மறுபதிப்பு' என்று எழுதிப் பார்த்தேன், அதுவும் வழுக்கியது. நம் ஊர்ப் புத்தகங்களில் 'மூன்றாம் பதிப்பு' என்றால் பாதி நேரம் மூன்றாவது தடவை அச்சடித்தது என்றுதான் பொருள். உள்ளே ஒரு எழுத்து மாறியிருக்காது. இப்போது 'புதிய வடிவம்' என்று எழுதி, பக்கத்தில் வருடத்தைப் போடுகிறேன்.

'நகல்' இன்னும் மோசம். பழைய ஆட்கள் தீர்மானத்தின் நகல் என்றால் அதன் வரைவைச் சொல்வார்கள். இன்றைக்கு நகல் என்றால் ஜெராக்ஸ். 'நகல் 2' என்று எழுதிய தாளை இரண்டாவது வரைவு என்று எடுத்துக்கொள்வதா, இரண்டாவது பிரதி என்று எடுத்துக்கொள்வதா? அந்த வார்த்தையையே விட்டுவிட்டேன். வரைவு என்றால் வரைவு, பிரதி என்றால் பிரதி.

எண்ணிக்கையிலும் ஒன்று இடிக்கும். கட்டட வேலைக்காரர்களுக்குத் தெரிந்த ஐஎஸ் 456, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம். 2000ஆம் வருட வெளியீட்டின் அட்டையில் 'நான்காம் திருத்தம்' என்று இருக்கும். அது நான்காவது வடிவமா? இல்லை, ஐந்தாவது. 1953இல் முதலில் வந்தது, 1957, 1964, 1978, 2000இல் திருத்தங்கள். முதலில் வந்ததைத் திருத்தம் என்று எண்ண முடியாதே. இணைய வரைவுகளும் 00இல் தொடங்குவதால் 03 என்றால் நான்காவது வரைவு. உங்கள் ஆவணத்தில் எண்ணுவது வடிவங்களையா, மாற்றங்களையா என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் வடிவங்களை எண்ணி 01இல் தொடங்குகிறேன். எடைக்கூடத்தில் பூஜ்யம் என்றால் தராசு காலி என்று அர்த்தம்.

வெளியான பிறகு

ஆவணம் நடைமுறைக்கு வந்தபின் அதன் பெயரில் வரைவு எண் இருக்கத் தேவையில்லை, வருடம் போதும். எங்கள் சுவை அறையில் ஐஎஸ்ஓ 3103 முறைப்படித்தான் டீ போடுகிறோம்: 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, கொதிக்கும் தண்ணீர், ஆறு நிமிடம். (இதன் பிரிட்டிஷ் வடிவமான ஆறு பக்கத் தாளுக்கு 1999இல் இலக்கியத்துக்கான இக் நோபல் பரிசு, அதாவது நோபலைக் கேலி செய்து வேடிக்கையான சாதனைகளுக்குத் தரும் பரிசு, கிடைத்தது. என் தொழிலுக்குக் கிடைத்த ஒரே இலக்கிய கௌரவம் என்று நினைக்கிறேன்.) இந்தத் தரம் 1980இல் வந்தது, 2019இல் புதிய வடிவம் வந்தது. எண் அதேதான். ஆகவே எங்கள் ஆவணத்தில் 'ஐஎஸ்ஓ 3103 படி' என்று மட்டும் எழுதினால், எப்போதும் அந்தந்த நேரத்தில் உள்ள கடைசி வடிவம் என்று பொருள். 'ஐஎஸ்ஓ 3103:1980 படி' என்றால் அந்த வடிவம் மட்டும். புதியது வந்தாலும் நமக்கு இல்லை. இரண்டுமே சரியான வழிதான். தெரிந்து எழுத வேண்டும், அவ்வளவுதான். அளவு, சதவீதம், அட்டவணை என்று குறிப்பிட்ட இடத்தைச் சுட்டும்போது நான் வருடத்தைப் போட்டுவிடுவேன். புதிய வடிவத்தில் அட்டவணை எண் மாறிப்போனால் என் ஆவணம் காற்றைச் சுட்டிக்கொண்டிருக்கும்.

பழைய தரத்தை எடுத்துப் பார்த்து, ஒன்றும் மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்வதும் ஒரு காரியம். இந்தியத் தரங்களில் அதை 'மறுஉறுதி' செய்த வருடத்தோடு குறிப்பார்கள். ஐஎஸ்ஓவிலும் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு உண்டு. தாளில் '2019, மறுஆய்வு 2024, மாற்றமில்லை' என்று எழுதினால், இதை யாரோ மறந்துவிட்டார்கள் என்று ஆடிட்டர் நினைக்க மாட்டார்.

மாற்றக் குறிப்பு பற்றிச் சொல்ல வேண்டும். 'சில மாற்றங்கள் செய்யப்பட்டன' என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். 'பிரிவு 4.2: ஈரக் கழிவு 8 சதவீதத்திலிருந்து 6 சதவீதம், மே மாதக் கூட்டத்தில் விவசாயிகள் சொன்னதால்' என்று எழுதுங்கள். பழைய எண், புதிய எண், காரணம். மாறிய வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடு போட்டால், ஏழு பக்கத்தையும் படிக்க நேரமில்லாத, தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் சார் அந்தக் கோட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போவார். முந்தைய வரைவின் கோடுகளை அழித்துவிட்டுத்தான் புதிய கோடு போட வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தாவது வரைவில் பக்கம் முழுக்கக் கம்பி போட்ட ஜன்னல் மாதிரி ஆகிவிடும்.

கருத்துகள் வந்துகொண்டிருக்கும்போது பிரிவு எண்களை மாற்றாதீர்கள். 4.3ஐ நீக்கினால் '4.3 – நீக்கப்பட்டது' என்று இடத்தை அப்படியே வைத்திருங்கள். 4.4ஐப் பற்றி நாலு பேர் எழுதிக் கொடுத்த கருத்து, அது 4.3 ஆனதும் அனாதையாகிவிடும். கையெழுத்துக்குப் போகும் முன் ஒரே தடவையாக எண்களை நேராக்கிக்கொள்ளலாம். கருத்துகளைப் பொது, தொழில்நுட்பம், எழுத்து என்று மூன்றாகப் பிரிப்பது ஐஎஸ்ஓவின் படிவத்தில் உள்ளது. அதை எடுத்துக்கொண்டதிலிருந்து எங்கள் கூட்டம் பாதி நேரத்தில் முடிகிறது. ஒற்று விட்டதைப் பற்றி யாரும் மைக் பிடித்துப் பேசுவதில்லை.

அப்புறம் விலக்குவது. இணையத்தின் அடிப்படையான டிசிபி விதி 1981இல், இணைய விதிகள் வெளியாகும் ஆர்எஃப்சி என்ற ஆவண வரிசையில், ஆர்எஃப்சி 793 என்று வந்தது. 2022இல் ஆர்எஃப்சி 9293 அதன் இடத்துக்கு வந்தது. பழையதை யாரும் அழிக்கவில்லை. இதற்குப் பதில் இன்னது வந்துவிட்டது என்ற குறிப்போடு இன்றும் படிக்கலாம். நானும் ஒரு பிரதியை மட்டும் 'விலக்கப்பட்டது, பதில்: 2024 வடிவம்' என்று எழுதிப் பீரோவில் வைக்கிறேன். மற்றவற்றை எண்ணி வாங்க வேண்டும். எத்தனை பிரதி, யாரிடம் என்று ஒரு நோட்டில் எழுதியிருந்தால்தான் எண்ண முடியும்; எங்கள் கொள்முதல் விதிக்கு ஒன்பது பிரதி, அதில் இரண்டு இலை ஏஜென்ட்டுகளிடம்.

வாங்கிய தாள்களை உடனே எரித்துவிட முடிவதில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் எடைக்கூடத்து அண்ணன் கணக்குப் போடக் கேட்பார். ஒரு தடவை அப்படிக் கொடுத்த தாளின் முன்பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு டிரைவர், "கழிவு மறுபடி எட்டு ஆயிடுச்சாம்" என்று கட்டபெட்டு வரைக்கும் சொல்லிக்கொண்டு போனார். இப்போது தலைப்பு உள்ள மேல்பகுதியை முழுக்கக் கிழித்து, எண்கள் உள்ள இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன்.